மூலத்தில் இல்லாதது நகலில் எப்படி வரும்?

அரசுத் துறைகளின் தரவுகளை எல்லாம் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் தோட்டத்து மக்களின் ஆவணச் சிக்கல் தானாகவே தீர்ந்துவிடும் என்ற பேச்சு மலேசியாவில் வலுத்து வருகிறது. அரசியல் மேடைகளிலும் பொது இயக்கக் கூட்டங்களிலும் கேட்கிறோம். கணினி படித்த நம் பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள். 2024 ஜனவரி 2 அன்று ‘பாடு’ என்னும் முதன்மைத் தரவுத்தளம் தொடங்கப்பட்டபோது இந்த நம்பிக்கை உச்சத்துக்குப் போனது. 2025 ஏப்ரல் 28 அன்று தரவுப் பகிர்வுச் சட்டம் நடப்புக்கு வந்தபோது மறுபடியும் தலைதூக்கியது. தேசியப் பதிவுத் துறை, ஊழியர் சேமநிதி, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ, கல்வி அமைச்சு, சாலைப் போக்குவரத்துத் துறை ஆகியவற்றின் பதிவுகள் ஓரிடத்தில் சேர்ந்தால், விடுபட்டவர் யார் என்பதைக் கணினியே காட்டிக்கொடுத்துவிடும் என்கிறார்கள். நெகிரி செம்பிலானின் லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடும், எந்த அட்டையுமே இல்லாமலும் காலம் தள்ளுகிறவர்கள் இனிமேல் சிரம்பானுக்கும் புத்ராஜெயாவுக்கும் அலைய வேண்டியதில்லை என்கிறார்கள்.

இதை நான் முழுமையாக மறுக்கிறேன். தரவை நகலெடுக்கும் மென்பொருள் எதைச் செய்யும், எதை ஒருபோதும் செய்யாது என்று தெரிந்த யாரும் இந்த நம்பிக்கையை ஏற்க முடியாது. மக்களைக் காத்திருக்கச் சொல்கிற நம்பிக்கை இது. காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டிலும் சாட்சி சொல்லக்கூடிய ஒரு கிழவியோ கிழவரோ போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

மூல அமைப்பிலிருந்து தரவை நகலெடுக்கப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. அவ்வப்போது டேபிளை முழுவதுமாக அள்ளி வருவது ஒன்று. எளிது, ஆனால் கோடிக்கணக்கான வரிகள் இருந்தால் மூல அமைப்பு திணறும். இரண்டு அள்ளலுக்கும் இடையே நடந்தது தெரியாமல் போகும். மாற்றம் நடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு டிரிகர் இயங்கி, மாறியதைத் தனி டேபிளில் குறித்து வைப்பது இன்னொன்று. அதுவும் மூல அமைப்பின் முதுகில்தான் ஏறும். பெரிய அமைப்புகள் விரும்பித் தேர்வது மூன்றாவது வழியை: லாக்கைப் படிப்பது. தரவுத்தளம் தன்னிடம் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக ஒரு லாக்கில் எழுதிக்கொண்டே போகிறது. ஆரக்கிளில் அதன் பெயர் ரீடூ லாக், மைஎஸ்கியூஎல்லில் பின்லாக், ஐபிஎம்மின் பழைய ஏஎஸ்/400 வகை இயந்திரங்களில் ஜர்னல். 2009-இல் ஆரக்கிள் வாங்கிய கோல்டன்கேட்டும், இன்று இலவசமாகக் கிடைக்கும் டெபீசியமும் இதைத்தான் படிக்கின்றன. முதலில் மூலத்தின் முழு நகல் ஒன்றை எடுத்துக்கொள்கின்றன. பிறகு அந்தக் கணம் முதல் லாக்கில் வந்து விழும் ஒவ்வொரு சேர்ப்பையும் திருத்தத்தையும் நீக்கத்தையும், உறுதியான வரிசைப்படி, நகலில் நிகழ்த்திக்கொண்டே போகின்றன. வழியில் இணைப்பு அறுந்தால், லாக்கில் கடைசியாகப் படித்த இடத்தைக் குறித்து வைத்திருந்து அங்கிருந்தே தொடர்கின்றன. மூலத்தில் பாதியில் கைவிடப்பட்ட பரிவர்த்தனை நகலில் நிகழவே நிகழாது.

அருமையான பொறியியல், அதில் ஐயமில்லை. மெயின்ஃபிரேமில் எப்சிடிக் குறியீட்டில் கிடக்கும் எழுத்தை வேறு குறியீட்டுக்கு மாற்றி, எண்களின் வடிவத்தை மாற்றி, ஆயிரம் மைல் தாண்டிக் கொண்டுபோய் வைத்தாலும் பொருள் மாறாமல் காப்பது சாதாரண வேலை இல்லை. இந்த மென்பொருளின் மதிப்பே, மூலத்தில் உள்ளதற்கு மேல் ஒரு வரியைக்கூடச் சேர்க்காது என்பதில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றிடம் போய், மூலத்தில் இல்லாத ஒருவரைக் கண்டுபிடித்துத் தா என்று கேட்கிறோம். கேட்பதே பிழை.

யார் அந்த ‘இல்லாதவர்’? சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். 1957 ஆகஸ்ட் 31-க்கும் 1962 அக்டோபருக்கும் இடையில் இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், கூட்டரசு அரசமைப்பின்படி சட்டத்தின் இயக்கத்தாலேயே குடிமகன். விண்ணப்பிக்க வேண்டியதில்லை, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. அதன் பிறகு பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும். இப்போது 1960-இல் சுவா பெத்தோங் தோட்டத்து லயத்தில், மருத்துவச்சி கைகளில் பிறந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின் கண்ணில் அவர் பிறந்த கணத்திலேயே குடிமகள். பதிவுத் துறையின் டேபிளில் அவர் சிவப்பு அட்டைக்காரராக இருக்கலாம், அல்லது வரியே இல்லாமலும் இருக்கலாம். உண்மைக்கும் பதிவுக்கும் இடையிலுள்ள இந்தப் பள்ளத்தை நகலாக்கம் நிரப்பாது. பதிவில் உள்ளதை மட்டும் எடுத்து, மேலும் பத்து இடங்களில் அதே பள்ளத்தை வெட்டி வைக்கும்.

பதிவே இல்லாதவரின் நிலை இன்னும் மோசம். லாக்கில் வருகிற ஒரு திருத்தம் எந்த வரிக்கு உரியது என்று தெரிய ஒரு பிரைமரி கீ தேவை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் லாஜிக்கல் நகலாக்கம் செய்யும்போது, ஒரு டேபிளுக்கு அப்படியொரு அடையாளம் வரையறுக்கப்படவில்லை என்றால் அதில் செய்யும் திருத்தத்தையும் நீக்கத்தையும் பிழை என்று சொல்லி நிறுத்திவிடும். மலேசியாவில் மனிதருக்கான அந்த அடையாளம் 1990-இல் வந்த 12 இலக்க எண். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். நெகிரி செம்பிலானுக்கு 05. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இங்கே பிறந்தவருக்குப் பொதுவாகப் பிறப்புப் பத்திரம் இருந்தால்தான் இந்த எண் பிறக்கும். எண் இருந்தால்தான் வரி பிறக்கும். ‘பாடு’வில் பதிந்துகொள்ள அழைக்கப்பட்டவர்கள் 18 வயது நிறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே. தற்காலிகவாசிக்குரிய பச்சை அட்டைக்காரருக்கும் அட்டையே இல்லாதவருக்கும் அந்தக் கதவில் கைப்பிடிகூட இல்லை. அப்படியிருக்க, யாரும் விடுபட மாட்டார்கள் என்ற வாக்குறுதியை எந்த மனசாட்சியோடு தோட்டங்களில் போய்ச் சொல்கிறார்கள்?

இங்கே ஒரு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்து மக்கள் எழுத்தில் ஏறாத கூட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது அதற்கு நேர்மாறு. இந்த நாட்டில் அவர்களைப் போல நாள்தோறும் எழுதப்பட்ட மக்கள் வேறு யாருமில்லை என்றே சொல்லலாம். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். மண்டோர் சொல்ல, கிராணியார் செக்ரோல் என்னும் ஆள் கணக்குப் புத்தகத்தில் குறி போடுவார். எத்தனை நாள் பேர், எத்தனை ராத்தல் பால், முன்பணம் எவ்வளவு, அரிசிக் கணக்கில் பிடித்தம் எவ்வளவு என்று மாத முடிவில் ஒவ்வொரு வரியும் கூட்டப்படும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸரின் புத்தகத்தில் காய்ச்சலும் பிரசவமும் ஏறும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது; பள்ளி வந்ததும் சேர்க்கைப் பதிவேடும் வந்தது. 1907-இல் அமைந்த இந்தியக் குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் கட்டிய பணமே ஆள் கணக்கை வைத்துத்தான். 1951-இல் சேமநிதி வந்தபின் அதற்கும் ஒரு கணக்கு. கூலியைக் கணக்கிட வேண்டும் என்பதற்காகத் தோட்டம் அவர்களை ஒரு நாள்கூட எழுதாமல் விட்டதில்லை. அவர்களைக் குடிகளாக எழுத வேண்டிய இடத்தில்தான் எழுத்து நின்றுபோனது.

நகலாக்கத்தில் வேலை செய்பவர்கள் முதலில் கற்கும் பாடம் ஒன்று உண்டு: டேபிள் என்பது விளைவு, லாக்தான் நடந்ததற்குச் சாட்சி. டேபிள் சிதைந்தாலும், பழைய காப்பு நகலோடு லாக்கைச் சேர்த்து மீட்டெடுக்கலாம். தோட்டத்து மக்களின் லாக் செக்ரோலிலும் டிரஸ்ஸர் புத்தகத்திலும் பள்ளிப் பதிவேட்டிலும் இருந்தது. அதைப் படித்திருந்தால் பதிவுத் துறையின் டேபிளை என்றோ சரிசெய்திருக்க முடியும். யாரும் படிக்கவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1969-இல் வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது, குடியுரிமைத் தாள் இல்லாத பல்லாயிரம் பேர் பிழைப்பிழந்து கப்பலேறினார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 2007-இல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் மூன்றும் ஒன்றாயின. லாபு, நீலாய்ப் பக்கம் தோட்ட நிலம் வீடமைப்பும் தொழிற்பேட்டையுமாக மாறியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் நில அளவுத் தாள்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. ஆள் கணக்குப் புத்தகங்கள் என்ன ஆயின என்று கேட்பாரில்லை. இன்று தரவு இணைப்பைக் கொண்டாடுகிறவர்கள் எவராவது அந்தப் புத்தகங்களைத் தேடினார்களா?

பெயர்களின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். கிராணியார்களில் பலர் மலையாளிகள் அல்லது யாழ்ப்பாணத் தமிழர்கள். காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். முனியாண்டி ஒரு புத்தகத்தில் ‘ஒய்’யில் முடிவார், இன்னொன்றில் ‘ஐ’யில் முடிவார். காவல் நிலையத்தில் அதே பெயரை எழுதியவர் வேறு மொழிக்காரர். அங்கே இன்னொரு வடிவம். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுதாகவும் மற்றோரிடத்தில் பாதியாகவும் இருக்கும். நகலாக்க மென்பொருளுக்கு இவை வெவ்வேறு எழுத்துச் சரங்கள், அவ்வளவே. இரண்டும் ஒரே ஆள் என்று முடிவு செய்வது அதன் வேலை இல்லை. அது வேறொரு துறை, பொருத்திப் பார்க்கும் துறை. மொழி தெரிந்தவரும் ஊர் தெரிந்தவரும் உட்கார்ந்து செய்ய வேண்டியது.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை இப்போது எடுத்துக்கொள்கிறேன். சேமநிதியில் ஒருவர் இருக்கிறார், பள்ளிப் பதிவில் இருக்கிறார், மருத்துவமனையில் இருக்கிறார், பதிவுத் துறையில் மட்டும் இல்லை என்றால், எல்லாவற்றையும் சேர்க்கும்போது அந்த ஓட்டை பளிச்சென்று தெரியுமே என்கிறார்கள். இணைப்பின் பயனே அதுதான் என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இணைக்கும் அமைப்பு எதைத் தலைமை டேபிளாக வைக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பதிவுத் துறையின் டேபிளைத் தலைமையாக வைத்து, மற்றத் துறைகளின் வரிகளை அடையாள எண்ணால் அதோடு பொருத்தினால், பொருந்தாத வரி உள்ளே ஏறாது. கோல்டன்கேட்டில் அப்படிப்பட்டவற்றுக்கு ஒரு தனிக் கோப்பு உண்டு. டிஸ்கார்டு கோப்பு என்பார்கள். நகலில் நிகழ்த்த முடியாமல் போன ஒவ்வொன்றும், ஏன் முடியவில்லை என்ற குறிப்போடு அதில் எழுதப்படும். பெரும்பாலான அலுவலகங்களில் அதைத் திறப்பவர், ஓட்டம் தடைப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய தொழில்நுட்பர். அவருக்கு அது தொல்லை. பிழையைத் தாண்டிப் போகும்படி அமைப்பை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் மனிதர்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே ஓட்டை தெரியும் என்பது உண்மைதான். தெரிவதைப் பார்க்க ஓர் அதிகாரியை அமர்த்தி, பார்த்ததன்மேல் முடிவெடுக்க அவருக்கு அதிகாரம் கொடுத்தால்தான் அந்த உண்மைக்குப் பயன். அது அரசின் விருப்பத்தைப் பொறுத்தது. விருப்பம் இருந்திருந்தால் தரவு இணைப்பு வருவதற்கு முன்பே செய்திருக்கலாம். 2011-இல் ‘மைடஃப்தார்’ இயக்கம் நடந்தது. ஆவணமற்ற இந்தியர்களைத் தேடிப் பதிந்தார்கள். அதற்குப் பெரிய தரவுத்தளம் தேவைப்படவில்லை. மேசை, படிவம், தமிழ் பேசும் ஆள், தோட்டத்துக்குப் போகும் வண்டி ஆகியவைதான் தேவைப்பட்டன. படிவம் வாங்கியதோடு நிற்காமல் முடிவும் கொடுத்திருக்க வேண்டும் என்பதே அதன்மேல் என் குறை.

நகல் இருந்தால் பாதுகாப்பு என்று இன்னொரு வாதமும் வைக்கிறார்கள். ஓரிடத்தில் அழிந்தாலும் பத்து இடத்தில் இருக்குமே என்று. நீக்கமும் லாக்கில் வரும் ஒரு நிகழ்வுதான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மூலத்தில் ஒரு வரியை நீக்கினால், நகல் சில நொடிகளில் அதே வரியைத் தானும் நீக்கும். நகல் வேறு விதத்திலும் கைவிடும்: 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், பழுதான துணைத் தரவுத்தளத்தைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். நகலும் கைகொடுக்கவில்லை, தினசரிக் காப்பும் ஓடியிருக்கவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போயே போனது. இத்தனைக்கும் அது உலகறிந்த மென்பொருள் நிறுவனம்.

தோட்டத்து மனிதருக்கு இதன் பொருள் என்ன? பிறப்பு விவரத்தில் ஐயம் என்று குடிமகனுக்குரிய நீல அட்டை பறிக்கப்பட்டவர்களின் செய்திகளை இந்நாட்டுப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். தத்துப் பிள்ளைகள் பலர் அப்படிச் சிக்கியிருக்கிறார்கள். துறைகள் தனித்தனியாக இருந்த காலத்தில், பதிவுத் துறையின் முடிவு வங்கிக்கும் கிளினிக்குக்கும் போய்ச் சேர நாளாகும். அந்த இடைவெளியில் ஒருவர் வழக்கறிஞரைப் பார்க்கலாம், மேல்முறையீடு செய்யலாம். இணைந்த அமைப்பில் அந்த இடைவெளி இல்லை. ரத்து உடனே எங்கும் பரவும். மேல்முறையீடு மட்டும் பழைய வேகத்திலேயே நகரும். முறையீட்டுக் காலம் முடியும்வரை நிலை மாற்றத்தைப் பிற துறைகளுக்கு அனுப்பக் கூடாது என்று ஒரு விதி எழுதுவது மென்பொருளில் மிக எளிது. வரிகளை வடிகட்டும் வசதி இந்த மென்பொருள்களில் முன்பிருந்தே உண்டு.

இதன் பாரம் இன்று எண்ணெய் நிலையம்வரை வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 30 முதல் ‘பூடி95’ திட்டத்தில் மைகார்டும் ஓட்டுநர் உரிமமும் உள்ள குடிமகனுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 சென். மற்றவர்களுக்குத் தொடக்கத்தில் 2 வெள்ளி 60 சென். பகாவில் ஒரே நிலையத்தில், ஒரே மோட்டார் சைக்கிளுக்கு, நீல அட்டை வைத்திருக்கும் தம்பிக்கு ஒரு விலை, சிவப்பு அட்டை வைத்திருக்கும் அண்ணனுக்கு வேறு விலை. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 முதல் வயது வந்த குடிமக்கள் எல்லாருக்கும் மைகார்டு வழியாகக் கொடுக்கப்பட்ட 100 வெள்ளி சாரா உதவியிலும் அண்ணனுக்குப் பங்கில்லை. உதவி தேவைப்படுபவரை அடையாளம் காணத்தான் தரவு இணைப்பு என்றார்கள். ஐம்பது ஆண்டு பால் வெட்டியவரை அடையாளம் காணத் தெரியாத இணைப்பு அது.

2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு அது நீதி வழங்கியது, வரவேற்கிறேன். அதே திருத்தம், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளின் தானியங்கிக் குடியுரிமைக்கு இருந்த வழியை எடுத்துவிட்டது. கோயிலில் தாலி கட்டி, பதியாமல் வாழ்கிற குடும்பத்தில் பிள்ளையின் நிலை தாயைப் பொறுத்தது. 1982 மார்ச் 1-க்குப் பிறகு பதியாத திருமணத்தைச் சட்டம் அப்படித்தான் பார்க்கிறது. தாய்க்குச் சிவப்பு அட்டை என்றால், தவறான ஒரு பழைய பதிவு இனி அடுத்த தலைமுறைக்கும் இறங்கும். குடிமகளாக இருந்திருக்க வேண்டிய பாட்டியின் பதிவைத் திருத்தாமல் விட்டதற்குப் பேரப்பிள்ளை விலை கொடுக்கும்.

மூலத்திலேயே எழுத முடியுமா என்று கேட்பவர்களுக்கு இலங்கையைக் காட்டுகிறேன். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு 2003-இல் ஒரு சட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வழித்தோன்றல்களும் குடிமக்கள் என்றது. அகதிகளுக்கான ஐநா ஆணையமும் தொழிற்சங்கங்களும் துணை நிற்க, தோட்டங்களிலேயே முகாம் போட்டார்கள். பத்தே நாளில் ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமை பெற்றார்கள். அங்கே பெரிய தரவு இணைப்பு எதுவும் நடக்கவில்லை. வாழ்ந்ததற்குத் தன் வாக்குமூலம் போதும் என்று அரசு முடிவெடுத்தது, அவ்வளவுதான்.

இங்கேயும் செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. துறைகளின் தரவைப் பொருத்தும்போது பதிவுத் துறையோடு பொருந்தாமல் விழும் வரிகளை மாவட்ட வாரியாகப் பிரித்து, சிரம்பான், போர்ட்டிக்சன், ஜெம்போல், தம்பின் மாவட்டப் பதிவு அலுவலகங்களுக்கு அனுப்ப வேண்டும். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகள் தோட்டத்துக்குப் போக வேண்டும், தோட்டத்தான் அலுவலகத்துக்கு வருவதற்காக உட்கார்ந்திருக்கக் கூடாது. தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, டிரஸ்ஸர் புத்தகம், செக்ரோல், பழைய சேமநிதிக் கணக்கு ஆகியவற்றைக் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்குச் சான்றாக ஏற்க வேண்டும். தோட்ட நிறுவனங்களிடம் எஞ்சியிருக்கும் ஆள் கணக்குப் புத்தகங்களைத் தேசிய ஆவணக் காப்பகம் கேட்டு வாங்க வேண்டும். ஒரு தோட்டம் விற்கப்படும்போது நிலப் பட்டாவோடு அந்தப் புத்தகங்களின் கணக்கையும் காட்டியாக வேண்டும் என்று மாநில அரசு நிபந்தனை போட வேண்டும். 1957-க்கும் 1962-க்கும் இடையில் பிறந்தவர்களில் இளையவருக்கே அறுபது வயது கடந்துவிட்டது. அவர்கள் பிறந்தபோது உடனிருந்தவர்களுக்கு எண்பதுக்கு மேல். விசாரணை மேசை முதலில் அவர்கள் வீட்டு வாசலில் போடப்பட வேண்டும், இந்த ஆண்டே.